உடைந்த தூண்டில் நுனிக்கு எந்தப் பசை?



சனி, ஞாயிறு மாலைகளில் ஜார்ஜ்டவுன் படாங் கோத்தா கடலோரச் சுவர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? அப்பாவும் மகனுமாக, தாத்தாவும் பேரனுமாகத் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். தெலுக் பஹாங்கிலும் பத்து மாவுங்கிலும் இதே காட்சிதான். மடவை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் சியாக்காப் என்று நாம் சொல்கிற கொடுவா. அந்தக் கூட்டத்தில் வாரத்துக்கு ஒருவராவது வாய்விட்டு "அடடா!" என்பார். மீன் தப்பியதற்காக அல்ல; தூண்டில் கம்பின் நுனி முறிந்ததற்காக.

நூறு, இருநூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய கம்பு. முறிந்தது கடைசி நான்கைந்து சென்டிமீட்டர். பலர் கம்பையே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய நுனி வளையத்தை சூப்பர் குளூவால் ஒட்டி, மறுவாரமே மீண்டும் முறிக்கிறார்கள். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு வளையமும் சரியான பசையும் இருந்தால், அரை மணி நேரத்தில் நீங்களே சரிசெய்துவிடலாம். அதற்குத் தேவையான இயற்பியலும் இரசாயனமும் உங்கள் நான்காம், ஐந்தாம் படிவப் பாடங்களிலேயே இருக்கின்றன.

முதலில் ஒரு கேள்வி. நுனி வளையத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசைக்கு எவ்வளவு வலிமை வேண்டும்? வகுப்பில் இதைக் கேட்டால், "மீன் இழுக்கிற இழுப்பைத் தாங்கணும் டீச்சர், ரொம்ப பலமான பசை வேணும்" என்ற பதில்தான் வரும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வரைந்து பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

வளையத்தின் மேல் செயல்படும் விசை

தூண்டில் நரம்பு, அதாவது நம் வீடுகளில் தங்சி என்று சொல்கிற நைலான் நரம்பு, ரீலிலிருந்து கிளம்பி, கம்பின் மேலுள்ள வளையங்கள் வழியாக வந்து, நுனி வளையத்தில் திரும்பி, கடலுக்குள் இறங்குகிறது. நரம்பில் உள்ள இழுவிசை 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நுனி வளையத்தின் இரண்டு பக்கமும் நரம்பு இருக்கிறது. ஆகவே வளையத்தை இரண்டு விசைகள் இழுக்கின்றன: மீன் பக்கமாக 10 நியூட்டன், ரீல் பக்கமாக 10 நியூட்டன். இந்த இரண்டின் கூட்டு விளைவைத்தான் ஐந்தாம் படிவ இயற்பியலில் "டாயா பாடுவான்", தொகுபயன் விசை என்று படிக்கிறீர்கள்.

கம்பை மீனை நோக்கி நேராக நீட்டினால் நரம்பு வளையத்தில் திரும்பவே இல்லை. முன்னே 10, பின்னே 10. தொகுபயன் பூஜ்யம். வளையம் சும்மா இருக்கிறது.

நுனியில் நரம்பு செங்கோணமாகத் திரும்பினால்? இணைகரம் வரைந்து பாருங்கள். தொகுபயன் ஏறத்தாழ 14 நியூட்டன். அதன் திசையைக் கவனியுங்கள். இரண்டு நரம்புகளுக்கும் நடுவே, பாதி கீழ்நோக்கி, பாதி கம்பின் அடிப்பக்கத்தை நோக்கி. கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி மீனை நேர் கீழே தொங்கவிட்டால் நரம்பு 180 பாகை திரும்புகிறது. தொகுபயன் 20 நியூட்டன், முழுவதும் கம்பின் அடியை நோக்கி.

இப்போது கம்பின் நீளவாக்கில் உள்ள கூறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு திரும்பும் கோணம் 60 பாகை என்றால், ரீல் பக்கம் 10 நியூட்டன் பின்னோக்கி இழுக்கிறது. மீன் பக்க நரம்பின் முன்னோக்கிய கூறு 5 நியூட்டன்தான். மிச்சம் 5 நியூட்டன் பின்னோக்கி. 90 பாகையில் 10 நியூட்டன் பின்னோக்கி. 180 பாகையில் 20 நியூட்டன் பின்னோக்கி. எந்தக் கோணத்தை எடுத்தாலும் விடை முன்னோக்கி வராது. மீன் எவ்வளவு இழுத்தாலும் நரம்பு வளையத்தைக் கம்பின் மேல் இன்னும் இறுக்கமாக அமுக்கித்தான் வைக்கிறது, கழற்றுவதில்லை!

உராய்வைக் கணக்கில் எடுத்தால் மீன் பக்க இழுவிசை ரீல் பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் நரம்பு நேராக ஓடும்போது உராய்வு மிகக் குறைவு. திரும்பும்போது பின்னோக்கிய அமுக்கம் அதை விழுங்கிவிடும். வளையத்தின் உள்ளே அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு போன்ற வழவழப்பான பீங்கான் வளையம் பதித்திருப்பதும் உராய்வைக் குறைக்கத்தான்.

அப்படியானால் பசைக்கு என்ன வேலை? வளையம் பக்கவாட்டில் சுழலாமல் இருக்க வேண்டும். இரை வீசும்போது நரம்பிலுள்ள முடிச்சு எப்போதாவது வளையத்தில் தட்டினால், அந்த ஒரு வெட்டு இழுப்பைத் தாங்க வேண்டும். அவ்வளவுதான். மீனைத் தாங்குவது கம்பு, பசை அல்ல. இது புரிந்தால் பசையைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும். வலிமையில் சாம்பியனான பசை நமக்கு வேண்டியதில்லை. நாளைக்கு வளையத்தின் பீங்கான் விரிசல் விட்டால், கம்புக்குச் சேதமில்லாமல் கழற்ற விடுகிற பசைதான் வேண்டும்.

கழற்ற விடும் பசை

நம் பெரியவர்களுக்கு இந்த வகைப் பசை நன்றாகத் தெரியும். அரக்கு. சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். பொற்கொல்லர்கள் உள்ளீடற்ற நகைகளுக்குள் அரக்கு நிரப்புவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாட்டியிடம் பழைய நகை இருந்தால் கேட்டுப் பாருங்கள். "எடையில அரக்கைக் கழிச்சுட்டான்" என்று ஒரு கதை வரும். பாண்டவர்களைக் கொல்லத் துரியோதனன் அரக்கு மாளிகை கட்டியதும் அது தீயைக் கண்டால் நிற்காது என்பதால்தான். மேல்நாட்டிலும் பழைய மூங்கில் தூண்டில்களில் உலோகப் பூண்களை ஒட்ட அரக்கு கலந்த பசையை உருக்கித்தான் பயன்படுத்தினார்கள்.

நம் மண்ணிலேயே இன்னொன்று இருந்தது. மலாய்க்காரர்கள் "கெத்தா பெர்ச்சா" என்று சொல்வார்கள். காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும். ஆறினால் கொம்புபோல் கெட்டியாகும். பாராங் கத்திக்கு இதால் பிடி செய்திருப்பதைச் சிங்கப்பூரில் இருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் கவனித்தார். 1843இல் அவர் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கடல் நீரால் கெடாத, மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்று தெரிந்ததும், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதையே உறையாகப் போட்டார்கள். 1870-71இல் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடித் தந்தி இணைப்பு வந்தபோதும் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது இந்த மரப்பால்தான். சென்னையிலிருந்து கப்பலில் நாள்கணக்கில் வந்துகொண்டிருந்த செய்தி, அன்றே வந்து சேரத் தொடங்கியது.

கெத்தா பெர்ச்சாவும் ரப்பரும் ஒரே ஐசோபிரீன் அலகுகளால் ஆன பலபடிகள். அலகுகள் இணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வேறுபாட்டால் ஒன்று இழுபடுகிறது, மற்றது சூட்டில் இளகி அச்சில் வார்க்க வருகிறது. பலபடிகள் பாடத்தில் தேர்வுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, குறித்துக்கொள்ளுங்கள்.

இன்று தூண்டில் சாமான் கடையில் நுனி வளையம் ஒட்டுவதற்கென்று விற்கும் சிறு பசைக் குச்சி, அரக்கின் இக்கால வாரிசு. சூட்டில் இளகும் பிளாஸ்டிக் வகை. கைவினைக்குப் பயன்படும் துப்பாக்கிப் பசைக் குச்சியும் அவசரத்துக்கு உதவும். ஆனால் அது இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். நம்மூர் வெயிலில் நிறுத்திய காரில், கண்ணாடியை ஒட்டிய இடத்தில் 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அதிசயமில்லை. அங்கே கம்பின் நுனி கிடந்தால் வளையம் தானாகச் சாய்ந்துவிடலாம்.

சூப்பர் குளூ ஏன் வேண்டாம்? அதன் பெயர் சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழுவினர் வேறு எதையோ தேடும்போது இதைக் கண்டார்கள். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறதே என்று முதலில் ஒதுக்கிவைத்தார்கள். காற்றிலும் பொருளின் மேலும் உள்ள நீர்ப்பசைதான் அதை இறுக வைக்கிறது. பினாங்குக் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவா வேண்டும்! வளையத்தை நேராக்குவதற்குள் இறுகிவிடும். இறுகியது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை கொண்டது; முடிச்சு தட்டும் அதிர்ச்சிக்கு அது பொருத்தமில்லை. விரலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு டியூப்களைக் கலந்து பூசும் எபோக்சி நல்ல பசைதான். பலர் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அது நுனிக்கு அவசியமில்லை என்றே தோன்றுகிறது. காரணம், எபோக்சி ஒருமுறை இறுகியபின் உருகாது; அது வெப்பத்தால் இறுகிய பலபடி வகை. உருகாது என்று பாடநூல் சொல்வது சரி. ஆனால் போதிய சூட்டில் அதுவும் கொஞ்சம் தளரும். சிக்கல் என்னவென்றால், கம்பின் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினும் பெரும்பாலும் எபோக்சிதான். வளையத்தைக் கழற்றும் அளவுக்குச் சூடாக்கினால் கம்பும் சேர்ந்து தளர்ந்துவிடக்கூடும்.

கம்பு எதனால் ஆனது?

நான்காம் படிவ இரசாயனத்தில் "பஹான் கொம்போசிட்", கலப்புப் பொருள் என்று ஒரு பகுதி வருகிறது. கண்ணாடி இழை அங்கே ஓர் எடுத்துக்காட்டு. இழை இழுப்பைத் தாங்கும். பிசின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும். மூங்கிலும் இயற்கை செய்த கலப்புப் பொருளே. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து போன "கல்கத்தா மூங்கில்" மேல்நாட்டுத் தூண்டில் கம்புகளுக்குப் பேர்போனது. 1940களில் கண்ணாடி இழைக் கம்பும், 1970களில் கார்பன் இழைக் கம்பும் வந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று. இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் பலம் அதிகம்; குறுக்கே நசுக்கினால் பலம் குறைவு. கார் கதவில் சிக்கினாலும், வீட்டுக்குள் நிமிர்த்திப் பிடித்துக் கூரை மின்விசிறியில் பட்டாலும் நுனி போய்விடுவது இதனால்தான். என்னிடம் மாணவர்கள் கொண்டுவந்த கம்புகளில் கடலில் உடைந்தவற்றைவிட விசிறியில் உடைந்தவையே அதிகம். ரீலைச் சுற்றும்போது கவனிக்காமல் கிலி-கிலியை வளையத்துக்குள் இழுத்து மோதவிடுவது இன்னொரு காரணம். பீங்கான் விரிசல் விடும்.

கடலோரச் சுவரில் நடக்கும் முறிவுக்குக் கதை வேறு. ஒன்றரைக் கிலோ மீன் தண்ணீருக்குள் இருக்கும்போது, மிதப்பு விசை அதன் எடையை ஏறத்தாழ முழுதும் தாங்கிக்கொள்கிறது. நீங்கள் உணர்வது அது துள்ளும் இழுப்பை மட்டும். தண்ணீரைவிட்டு வெளியே தூக்கியதும் 15 நியூட்டன் முழுவதும் நரம்பில் தொங்குகிறது. சுவருக்கு மேலே கொண்டுவரக் கம்பை நிமிர்த்துகிறீர்கள், இன்னும் பின்னால் சாய்க்கிறீர்கள். நரம்பு இப்போது கம்புக்குப் பக்கத்திலேயே கீழே இறங்குகிறது. திருப்புத்திறன் என்பது விசை பெருக்கல் செங்குத்துத் தூரம், இல்லையா? கம்பின் தடித்த அடிப்பகுதிக்கும் நரம்புக்கும் இடையே தூரம் குறுகிவிட்டதால் அடிப்பகுதி வளைய மறுக்கிறது. வளைய வேண்டிய அரை வட்டம் முழுவதும் மெல்லிய நுனியின் தலையில் விழுகிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மீன் மேலே வரும்போது கம்பைத் தாழ்த்தி, நீளக்காம்பு வைத்த கைவலையால் அள்ளுகிறார்கள்.

இப்போது வேலையைத் தொடங்குவோம்

முறிந்தது உள்ளங்கை அகலம், அதாவது பத்து சென்டிமீட்டருக்குள் என்றால் புதிய நுனி வளையம் போட்டால் போதும். உடைந்த துண்டின் முனையில் பழைய வளையம் இருக்கும். "அதையே கழற்றிப் போடலாமே" என்று தோன்றும். போட முடியாது. கம்பு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே வருகிறது. நுனியில் 1.6 மில்லிமீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி அடியில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சீராகத் தடிக்கிறது என்றால், பத்து சென்டிமீட்டர் இழந்தபின் புதிய நுனியின் விட்டம் ஏறத்தாழ 2.0 மில்லிமீட்டர். பழைய வளையத்தின் குழாய்க்குள் அது நுழையாது.

இங்கேதான் பலர் மணல்தாளை எடுத்துக் கம்பைத் தேய்த்து மெலிதாக்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வளையும் கம்பில் அதிகத் தகைவு இருப்பது வெளிப்பரப்பில்தான்; நீங்கள் தேய்த்து எடுப்பது அதிகம் உழைக்கிற இழைகளை. திண்மமான உருளைக் கம்பின் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 2.0ஐ 1.6 ஆக்கினால் விகிதம் 0.8, அதன் மும்மடிப் பெருக்கம் 0.51. பாதி வலிமை போயிற்று! அடுத்த முறிவு சரியாக அந்த இடத்தில்தான்.

ஆகவே அளந்து, பெரிய வளையம் வாங்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் காலிப்பரோ மைக்ரோமீட்டரோ இதற்கென்றே பிறந்தவை. இல்லாவிட்டால் தையல் நூல் போதும். நூலைக் கம்பின் மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். பிரித்து நீளத்தை அளந்து 31.4ஆல் வகுங்கள். வரும் விடை நூலின் தடிமன் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். அதையும் கழிக்கலாம்: பென்சிலின் மேல் நூலை இடைவெளியில்லாமல் இருபது சுற்று சுற்றி, அந்தப் பட்டையின் அகலத்தை இருபதால் வகுத்தால் நூலின் தடிமன். பத்துச் சுற்றுக்கு 69 மில்லிமீட்டர், நூலின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்றால் கம்பின் விட்டம் என்ன? போட்டுப் பாருங்கள்.

கடையில் சில பொட்டலங்களில் மில்லிமீட்டரே எழுதியிருக்கும். அமெரிக்க முறையில் 5, 5.5, 6 என்று எண் மட்டும் இருக்கும். அது குழாயின் உள்விட்டம், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் எத்தனை பங்கு என்பது. ஒரு பங்கு 0.397 மில்லிமீட்டர். எண் 5 என்றால் 1.98 மில்லிமீட்டர், எண் 6 என்றால் 2.38. குழாய் கம்பைவிட மயிரிழை அகலமாக இருக்க வேண்டும். பசைக்கும் இடம் வேண்டுமல்லவா? 2.0 மில்லிமீட்டர் கம்புக்கு எண் 5 நுழையாது, 5.5 நுழையும். கொஞ்சம் தொளதொள என்றிருந்தால் கம்பின் நுனியில் தையல் நூலை ஓரிரு அடுக்கு சுற்றிச் சரிக்கட்டலாம்.

முறிந்த இடம் பிசிறாக இருக்கும். குறடால் நறுக்காதீர்கள், இழைகள் நசுங்கி, விரிசல் நீளவாக்கில் ஓடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, மெல்லிய அரத்தால் சுற்றிலும் கோடு போட்டு, கம்பை உருட்டி உருட்டி அறுங்கள். பிறகு நனைத்த மணல்தாளில் முனையை மட்டும் மழுக்குங்கள். நனைப்பது முக்கியம். கண்ணாடித் தூளும் கார்பன் தூளும் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூள் தோலில் பட்டால் அரிக்கும்.

பழைய வளையம் கம்பிலேயே ஒட்டியிருந்து, அதன் பீங்கான் மட்டும் உடைந்திருந்தால் கழற்றும் வேலையும் உண்டு. பீங்கான் உடைந்திருக்கிறதா என்று கண்ணால் தெரியாவிட்டால், காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும். அந்த விரிசல்தான் நரம்பை அறுக்கிறது. கழற்ற லைட்டரைக் கொண்டு கம்பைச் சுடுவதைவிடக் கொதிநீர் சிறந்தது. ஏன்? தீச்சுடருக்குக் கட்டுப்பாடு கிடையாது. தண்ணீர் கொதிக்கும்போது நீங்கள் எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது 100 டிகிரியிலேயே நிற்கும்; கூடுதல் வெப்பமெல்லாம் நீராவியாக மாறுவதற்கே செலவாகும். "ஹாபா பெண்டாம்", உள்ளுறை வெப்பம். பிசினைக் கருக்காமல் பசையை மட்டும் இளக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாடு சமையலறைக் கெட்டிலிலேயே கிடைக்கிறது. குவளையில் கொதிநீர் ஊற்றி, நுனியை அரை நிமிடம் நனைத்து, துணி சுற்றிய குறடால் வளையத்தைத் திருகாமல் நேராக இழுங்கள். வரவில்லையா, மீண்டும் நனையுங்கள். ஒட்டியது சூட்டில் இளகும் பசையென்றால் வந்துவிடும். சூப்பர் குளூ போட்டவர்கள் இந்த இடத்தில்தான் வருந்துவார்கள்.

இனி ஒட்டுவது. வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பசைக் குச்சியின் முனையை லைட்டரில் காட்டி இளக்கி, கம்பின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடவுங்கள். வளையத்தைக் குறடால் பிடித்து, அதன் உலோகக் குழாயை மட்டும் சில நொடிகள் சூடாக்குங்கள். சுடர் கம்பைத் தொடவே கூடாது. சூடான குழாயைக் கம்பின் மேல் செருகி, இலேசாகச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். உடனே கையை எடுத்துவிடாதீர்கள். குழாயின் ஒரு முனை மூடியது. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வளையத்தை மெல்ல வெளியே தள்ளும். நான்காம் படிவத்து சார்லஸ் விதி உங்கள் விரல் நுனியிலேயே நடக்கிறது. குறடால் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள்.

பசை ஆறுவதற்குள் கம்பை அடிப்பக்கத்திலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணால் பாருங்கள். எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் திருப்புங்கள். இறுகிவிட்டால் மறுபடி சூடு காட்டித் திருப்பலாம். வழிந்த பசையை ஆறியபின் நகத்தால் உரித்துவிடலாம்.

இழந்தது எவ்வளவு?

பத்து சென்டிமீட்டர் குறைந்ததால் கம்பு பலவீனமாகிவிடுமா? இல்லை, நுனி முன்பைவிட விறைப்பாகிவிடும். வளைவதை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2.0ஐ 1.6ஆல் வகுத்தால் 1.25, அதன் நான்காம் அடுக்கு 2.44. புதிய நுனி பழையதைப்போல் இரண்டரை மடங்கு விறைப்பு. நான்கு சென்டிமீட்டர் மட்டும் போயிருந்தால் ஒன்றரை மடங்குதான். முழுக் கம்பும் இப்படி மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். கணக்கு நுனிக்கு மட்டும். உள்ளே துளையுள்ள கம்பென்றால் எண்கள் கொஞ்சம் மாறும். பெரிய மீனுக்கு இது இடைஞ்சலில்லை. சின்ன மடவை இரையைக் கொறிக்கும்போது நுனி துடிப்பது மட்டும் முன்போலத் தெரியாது. அந்தத் துடிப்பை நம்பி மீன் பிடிப்பவருக்கு இது உண்மையான இழப்புதான்; பசையால் அதைத் திருப்பித் தர முடியாது.

கம்பு நடுவில் முறிந்தால் அது வேறு பாடம். ஒன்று மட்டும் சொல்கிறேன். உள்ளே ஆணியையோ பழைய குடைக் கம்பியையோ செருகி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். எஃகு வளையாது, அது முடிகிற இடத்தில் கம்பு சட்டென்று வளைய வேண்டியிருக்கும். தகைவு அங்கே குவிந்து, ஆணியின் முனை இருக்கும் இடத்தில் மறுபடி முறியும். பழைய கம்பின் துண்டு கிடைத்தால் அதுவே நல்ல உட்செருகல். சத்தே குச்சியைச் செருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். வளைந்துகொடுக்கும் விஷயத்தில் ஆணியைவிட அது மேல். ஆனால் உப்புத் தண்ணீர் உள்ளே போனால் நீண்ட நாள் தாங்காது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அறுத்த முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்; கார்பன் கம்பென்றால் மின்சாரம் கடத்துவது தெரியும். கண்ணாடி இழைக் கம்பு கடத்தாது. பழுது பார்த்த கம்பைச் சோதிக்கும் ஆசையில் மேலே மின்கம்பி போகும் இடத்தில் வீசிப் பார்க்காதீர்கள். கடலோரத்தில் இடி முழக்கம் கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். வீடு திரும்பியதும் வளையங்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புநீரில் கார்பனும் உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய மின்கலம், அரிபடுவது உலோகம்.

கடைசியாக, இந்த வாரக் கேள்வி. தூண்டில் முள் கடலடிப் பாறையில் சிக்கிக்கொண்டால், அனுபவசாலிகள் கம்பை வளைத்து இழுப்பதில்லை. கம்பைப் பாறையை நோக்கி நேராக நீட்டி, ரீலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி பின்னோக்கி நடக்கிறார்கள். நரம்பில் இழுவிசை 40 நியூட்டன் என்றால், அப்போது நுனி வளையத்தின் மேல் தொகுபயன் விசை எவ்வளவு? கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தி, நரம்பு செங்கோணமாகத் திரும்பும்படி இழுத்திருந்தால் எவ்வளவு? படம் வரைந்து விடை காணுங்கள். முகத்தை ஏன் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.